மூக்குத்தி தெளிவு, கண் மங்கல்

கேமராவின் பின்பக்கத் திரை, எடுத்த படத்தைப் பற்றி எப்போதும் நல்லவிதமாகவே பேசும். முழுப்படமும் அதில் பளிச்சென்று தெரிவதைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும் பழக்கம் உருவப்படம் எடுப்பவர்கள் பலரிடமும் உண்டு. அந்தத் திரை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 10.4 லட்சம் புள்ளிகள் கொண்ட திரை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு பிக்சல் என்பதால், அது உண்மையில் 720க்கு 480, அதாவது ஏறத்தாழ 3.45 லட்சம் பிக்சல்கள் மட்டுமே. 6000க்கு 4000 என்ற அளவுள்ள 24 மெகாபிக்சல் படத்தை அதில் சுருக்கிக் காட்டும்போது, எழுபது பிக்சல்கள் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் காதில் விழுந்திருந்தாலும், கை சற்று ஆடியிருந்தாலும், அந்தச் சுருக்கத்தில் எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியில் திறக்கும்போதுதான் தெரியும். அப்போது அந்த வெளிச்சமும் இருக்காது, அலங்காரத்துடன் அமர்ந்திருந்த அந்த மனிதரும் இருக்க மாட்டார்.

ஆகவே படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பெரிதாக்கினால் தெரிவது எது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தாலும் திரையில் நாம் பார்ப்பது ரா அல்ல. அதற்குள் கேமரா பொதிந்து வைத்திருக்கும் ஒரு ஜேபெக் பிரதியைத்தான் பார்க்கிறோம். கேமராவில் படத்தின் பாணியை எப்படி வைத்திருக்கிறோமோ, அதற்கேற்ற கூர்மையாக்கலும் மாறுபாடும் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) அந்தப் பிரதியில் ஏற்றப்பட்டிருக்கும். கூர்மையாக்கலை மிகவும் உயர்த்தி வைத்திருந்தால் மங்கலான இமையும் திரையில் கூர்மையானதுபோல் ஏமாற்றும். அடியோடு குறைத்து வைத்திருந்தால் சரியான படத்தையும் சந்தேகப்பட நேரிடும். நடுநிலையில் வைத்து, அதை அடிக்கடி மாற்றாமல் இருப்பதே நல்லது, ஏனெனில் எந்த அளவு கூர்மை திரையில் எப்படித் தெரியும் என்று கண் பழகிக்கொள்வதற்கு ஒரு நிலையான அளவுகோல் தேவை. இன்னொன்று: சோனி, ஃபியூஜி போன்றவற்றின் பல கேமராக்களில் ரா மட்டும் எடுத்தால் உள்ளே பொதியப்படும் பிரதி முழு அளவுடையது அல்ல. அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் குழைவாகவே தெரியும். அத்தகைய கேமரா வைத்திருப்பவர்கள் ராவுடன் பெரிய ஜேபெக்கையும் சேர்த்து எடுப்பது, மெமரி கார்டில் இடத்தைத் தின்றாலும், கூர்மையைச் சரிபார்க்க உதவும் ஒரே வழி.

ஒரே அழுத்தலில், ஃபோகஸ் விழுந்த புள்ளிக்கே 100 விழுக்காடு பெரிதாகும்படி ஒரு பொத்தானை அமைத்துக்கொள்ளும் வசதி இன்று பெரும்பாலான நல்ல கேமராக்களில் இருக்கிறது. நிக்கானில் நடுவிலுள்ள ஓகே பொத்தானுக்கும், ஃபியூஜியில் பின்பக்கச் சக்கரத்தை அழுத்துவதற்கும் அந்த வேலையைக் கொடுக்கலாம். கேனானில் பெரிதாக்கலுக்கான மெனுவில் இது இருக்கும். பத்து முறை பிளஸ் பொத்தானை அழுத்தி, பிறகு அம்புக்குறிகளால் முகத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் நாள் முழுக்கச் சரிபார்க்க மாட்டார்; சலித்துப்போய் விட்டுவிடுவார்.

வெயிலில் திரையே தெரியாதபோது என்ன செய்வது? மாமல்லபுரத்தின் பாறைகளுக்கிடையே முற்பகல் பத்து மணிக்கு நிற்கும்போது திரையின் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினாலும் நம் முகமே அதில் பிரதிபலிக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு விடை எளிது: எடுத்த படத்தை, கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள்ளேயே பார்க்கலாம். 36.9 லட்சம் புள்ளிகள் கொண்ட வியூஃபைண்டரில் 1280க்கு 960 பிக்சல்கள் இருக்கும். வெளி வெளிச்சமும் உள்ளே புகாது. அதன் ஓரத்தில், பார்ப்பவரின் பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள இருக்கும் சிறு டயாப்டர் சக்கரம் பைக்குள் உரசி நகர்ந்திருந்தால் எல்லாப் படமும் மங்கலாகவே தெரியும் என்பதால், உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குத் திரைமேல் பொருத்தும் லூப் எனும் உருப்பெருக்கி கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் தலையையும் கேமராவையும் சேர்த்து மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி போதும். பழைய பெரிய கேமராக்காரர்கள் தேய்த்த கண்ணாடியில் ஃபோகஸ் பார்க்கச் செய்ததும் அதைத்தான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி எதைப் பார்ப்பது என்பது. கருவிழியைப் பார்ப்பவர்கள் பலர். நான் இமைமுடிகளைப் பார்ப்பேன், அதுவும் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் இமைமுடிகளை. கருவிழியில் மெல்லிய விவரங்கள் குறைவு. அதில் விழும் ஒளிப்பொட்டு, மங்கலான படத்திலும் பளிச்சென்று இருந்து நம்மைத் திருப்திப்படுத்திவிடும். இமைமுடி தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் இமைமுடி மட்டும் தெளிந்து, அதன் பின்னால் விழியின் ஓரம் குழைந்திருந்தால், ஃபோகஸ் ஒரு சென்டிமீட்டர் முன்னால் விழுந்திருக்கிறது என்று பொருள். அகலத் திறந்த லென்ஸில் அது பெரிய தூரம். முழு ஃபிரேம் (36க்கு 24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) வைத்து, 2 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், வழக்கமான கணக்குப்படி தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. அந்தக் கணக்கு, ஓரளவு சிறிய அச்சுப்படத்தைக் கைத்தொலைவில் வைத்துப் பார்ப்பவருக்கானது, சென்சாரில் 0.03 மி.மீ. வரையிலான மங்கலை அது மன்னித்துவிடுகிறது. 24 மெகாபிக்சல் சென்சாரின் ஒரு பிக்சலோ 0.006 மி.மீ. எனவே 100 விழுக்காட்டில் பார்க்கும்போது நாம் ஐந்து மடங்கு கடுமையான தேர்வை வைக்கிறோம். அந்த 6 செ.மீ. ஏறத்தாழ 1.2 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. படம் எங்கே போகப்போகிறது என்பதை நினைவில் வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கைப்பேசியில் மட்டும் பார்க்கப்படும் படத்துக்கும், கூடத்துச் சுவரில் மூன்றடிக்கு மாட்டப்படும் படத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

படம் கூர்மையாக இல்லை என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை; அங்கிருந்துதான் தொடங்குகிறது. மங்கலில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வகை தெரியாமல் ‘இன்னொன்று எடுத்துவிடலாம்’ என்று மறுபடி எடுப்பவர் அதே மங்கலைத்தான் மறுபடியும் எடுப்பார். நான் முதலில் தேடுவது, படத்தில் வேறு எங்காவது கூர்மை இருக்கிறதா என்பதை. நம் ஊர் மணப்பெண் அலங்காரம் இதற்கு மிகவும் உதவும். நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஜிமிக்கி கண்ணிலிருந்து பல சென்டிமீட்டர் பின்னால் தொங்குகிறது. தோளில் விழும் ஜரிகை அதற்கும் சற்று முன்பின்னாக இருக்கும். முகத்தின் குறுக்கே வைத்த ஒரு அடிக்கோல்போல் இவை வரிசையாக அமைந்திருப்பதால், எது கூர்மையாக இருக்கிறது என்று பார்த்தாலே ஃபோகஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தவறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மூக்குத்தி தெளிவாக இருந்து கண் மங்கியிருந்தால், மின்னும் பொருளின் மாறுபாடு ஆட்டோஃபோகஸை இழுத்துவிட்டது என்று ஊகிக்கலாம். சிறிய ஒற்றைப் புள்ளிக்கோ, கண்ணைக் கண்டறியும் ஃபோகஸுக்கோ மாற வேண்டும். ஜிமிக்கி தெளிவாக இருந்தால், நடுப்புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம். ஒன்றரை மீட்டரில் பத்து டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் முகத்துக்குப் பின்னால் போய்விடும். டிஎஸ்எல்ஆரில் புள்ளியை மாற்றிய பிறகும் எல்லாப் படங்களும் ஒரே பக்கமாகவே தவறினால், லென்ஸுக்கும் ஃபோகஸ் உறுப்புக்கும் இடையிலான பொருத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்; அதற்கான நுண்திருத்த வசதி பல கேமராக்களின் மெனுவில் உண்டு, ஆனால் அதை வெயிலில் நின்றுகொண்டு செய்யக் கூடாது. அன்றைக்கு, பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம்.

எங்குமே கூர்மை இல்லையென்றால் கை ஆடியிருக்கிறது. கண்ணின் ஒளிப்பொட்டு புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக, அல்லது இரட்டையாகத் தெரிந்தால் அது உறுதி. இது காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி நடக்கும். கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் பெரிய வீடுகளில் முற்றத்தில் வெளிச்சம் கொட்டும். இரண்டடி உள்ளே தள்ளித் தூண்களுக்குப் பின்னால் போனால் சட்டென்று குறைந்துவிடும். நம் கண் அதை உடனே ஈடுசெய்துகொள்வதால் நமக்கு உறைப்பதில்லை. ஷட்டர் வேகம் மட்டும் சத்தமில்லாமல் 1/60 நொடிக்கு இறங்கியிருக்கும். லென்ஸின் நிலைப்படுத்தி இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: அது நம் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும், எதிரில் இருப்பவரின் அசைவை அல்ல. அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கும் தூணின் வேலைப்பாடு தெளிவாக இருந்து, முகம் மட்டும் வழுக்கியதுபோல் இருந்தால் அசைந்தது அவர். பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பவரை எடுக்க நான் 1/250 நொடிக்குக் கீழே போவதில்லை; அதற்காக ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) உயர்ந்தால் உயரட்டும். அப்படி ஐஎஸ்ஓ 6400 வரை போகும்போது இன்னொரு பொய் மங்கல் திரையில் தோன்றும். படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் குறைக்கக் கேமரா செய்யும் திருத்தம் இமைமுடிகளைத் தூரிகையால் தீட்டியதுபோல் பூசிவிடும். அது ஜேபெக் பிரதியின் குறை. ரா கோப்பில் முடிகள் தனித்தனியாகவே இருக்கும். இதை ஃபோகஸ் பிழை என்று எண்ணிப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகைதான் சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நம்மை அதிகம் படுத்தும் வகை. கோடுகள் எல்லாம் இருக்கின்றன, இமையும் பிரிந்து தெரிகிறது, ஆனாலும் படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுத்திருக்கிறது; கறுப்புக் கூந்தல் சாம்பல் நிறமாக இருக்கிறது. இது ஃபோகஸ் சம்பந்தப்பட்டதே அல்ல. குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஈரம் படிந்திருக்கலாம். கடற்காற்றின் உப்புப் படலம் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம். முகத்துக்குப் பின்னாலிருந்து வரும் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழலாம். முதலாவதற்குத் துடைப்பது தீர்வாகாது, துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பையை மூடியபடியே வெளியில் வைத்து, உள்ளே இருப்பது வெளி வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு, தூசியை ஊதிவிட்டுச் சுத்தமான துணி. மூன்றாவதற்கு லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட், போதாவிட்டால் உதவியாளரின் கை. நடுப்பகலில் 200 மி.மீ. லென்ஸால் சுடும் மணலுக்கு மேலாகத் தொலைவிலிருந்து எடுத்தால், காற்றின் நெளிவே முகத்தைக் குழைத்துவிடும். அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது, அருகில் போக வேண்டியதுதான்.

குடும்பப் படங்களில் நடுவில் இருப்பவரை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பது போதாது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டியின் முகங்களையும், பின்வரிசையில் ஓரத்தில் நிற்கும் பேரனின் முகத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் 3 மீட்டரிலிருந்து எஃப்/2.8இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 60 செ.மீ.; நாற்காலி வரிசைக்கும் நிற்பவர்களுக்கும் இடையிலான தூரமே அதை விழுங்கிவிடும். எஃப்/5.6 என்றால் அது இரட்டிப்பாகும்.

எப்போது பார்ப்பது என்பதும் எதைப் பார்ப்பது என்பதற்குக் குறைந்த கேள்வியல்ல. ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்த்தால், எதிரில் இருப்பவரின் முகம் வாடத் தொடங்கும். நம் புருவம் சுருங்குவதை அவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். “அண்ணா, சரியா வரலையா?” என்று ஒரு பெண் கேட்டுவிட்டால், அடுத்த பல படங்களில் அந்தக் கேள்விதான் அவர் கண்களில் இருக்கும். இடமோ, வெளிச்சமோ, லென்ஸோ மாறும்போது முதல் இரண்டு மூன்று படங்களை மட்டும் சோதனையாக எடுத்துப் பார்க்கிறேன் என்று முன்பே சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. அவை சரியாக இருந்தால், அதே அமைப்பு நீடிக்கும்வரை திரையைத் தொட வேண்டியதில்லை. உடனிருக்கும் உறவினர்கள் தங்கள் கைப்பேசியில் பார்க்க விரும்புவார்கள். தாராளமாக அனுப்பலாம், ஆனால் நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி தானாக அனுப்பி வைப்பது 2 மெகாபிக்சல் பிரதி. அதில் எல்லாமே அழகாகத் தெரியும். கூர்மைக்கு அதைச் சாட்சியாக வைக்கக் கூடாது.

மங்கலான படம் எல்லாம் கெட்ட படமா என்று கேட்பவர்கள் உண்டு. கல்கத்தாவில் 1815இல் பிறந்து, 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரூன், இங்கிலாந்தில் இருந்தபோது மென்மையான ஃபோகஸில் எடுத்த உருவப்படங்களை அவர் காலத்துப் புகைப்பட இதழ்கள் குறை சொன்னன. இன்று அருங்காட்சியகங்கள் அவற்றைப் பேணுகின்றன. கண்ணில் இருக்கும் உயிர் எனக்கும் இமைமுடியைவிடப் பெரிதுதான். சற்று மங்கலாக இருந்தும் சிரிப்பு உண்மையாக விழுந்த படத்தை வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்தால் நான் வாதிடுவதில்லை. ஆனால் ஜிமிக்கிக்குத் தெளிவையும் கண்ணுக்கு மங்கலையும் தரும் படத்தை அந்த மென்மையின் கணக்கில் எழுத முடியாது. பார்ப்பவர் கண் முதலில் ஜிமிக்கிக்குத்தான் போகும்.

இத்தகைய படங்களை அந்த இடத்திலேயே அழித்துவிடுவதும் தேவையற்றது. சிறிய திரையை நம்பித் தண்டனை கொடுப்பதில் அவசரம் கூடாது. பக்கத்துப் படத்தை அழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தேறியதற்கு நட்சத்திரக் குறியிட்டுவிட்டு மேலே போகலாம். மணப்பெண் இரண்டாவது புடவைக்கு மாறப் போகும் தருணம்தான் உண்மையான கடைசி எல்லை. பூவும் நகையும் கழற்றப்பட்ட பிறகு அந்தத் தோற்றம் திரும்ப வராது என்பதால், அவர் எழுவதற்கு முன் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த உடையில் நின்றபடி ஒன்று, அமர்ந்தபடி ஒன்று, நெருக்கத்தில் ஒன்று என நட்சத்திரமிட்ட படங்களை மட்டும் இமைமுடி வரை பெரிதாக்கிப் பார்க்கிறேன். நெருக்கத்தில் எடுத்ததில் ஐயம் இருந்தால் எஃப்/2.8க்குக் குறுக்கி, அதே இடத்தில் நாலு படம் கூடுதலாக எடுத்த பிறகே அவரை அனுப்புகிறேன்.