ஃபிடோ பாக்கெட்டில் காணாமல் போன புள்ளி: எங்கள் தனி பிபிஎஸ் வலை, இதுவரை

பிபிஎஸ் (தூரத்திலிருந்து கணினியால் அழைத்துச் செய்தி படிக்கவும் எழுதவும் உதவும் அறிவிப்புப் பலகை) என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கலர் கட்டங்களால் வரைந்த ஆன்சி ஓவியமும் மோடம் போடும் கீச்சொலியும்தான். எனக்கு இரண்டிலும் பெரிய மயக்கம் கிடையாது. நான் இறங்கியது அதன் பின்னால் ஓடும் செய்தி வலைக்காக. ஒரு கணினி இன்னொன்றை அழைக்கும், தன்னிடம் சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுக்கும், அங்கே காத்திருப்பதை வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். அவ்வளவுதான் வேலை. பேசியதெல்லாம் பேசியவர்கள் ஒவ்வொருவருடைய வட்டிலும் ஒரு பிரதியாகக் கிடக்கும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அப்படி ஒரு வலையைக் கட்டி, அதில் முழுக்கத் தமிழிலேயே எழுதிக்கொள்ள முடியுமா என்று பார்த்தோம். கட்டுவது சுலபமாக முடிந்தது. தமிழ்தான் வேலை வாங்கியது.

இதன் வேர் 1978. சிகாகோவில் அந்த ஜனவரியில் பெரிய பனிப்புயல். வீட்டில் முடங்கியிருந்த வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும் சேர்ந்து உருவாக்கிய சிபிபிஎஸ், பிப்ரவரி 16 அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரே தொலைபேசி இணைப்பு, ஒரு நேரத்தில் ஒருவர். அடுத்தவர் வரிசையில் நிற்க வேண்டும். 1984இல் டாம் ஜென்னிங்ஸ், தனித்தனியாகக் கிடந்த இந்தப் பெட்டிகள் இரவில் ஒன்றையொன்று அழைத்துக் கடிதம் மாற்றிக்கொள்ளும்படி ஃபிடோநெட்டை எழுதினார். இரவில் ஏன் என்றால் அப்போதுதான் வெளியூர் அழைப்புக் கட்டணம் குறைவு. முதலில் தனிக்கடிதம் மட்டும் போனது, அதன் பெயர் நெட்மெயில். கொஞ்ச காலத்திலேயே எல்லாரும் படிக்கும் பொதுப் பேச்சு, அதாவது எக்கோமெயில், சேர்ந்துகொண்டது. கடிதங்களைக் கட்டாகக் கட்டி அனுப்ப அப்போது எழுதிவைத்த பாக்கெட் வடிவம்தான் இன்றும் ஓடுகிறது. தொலைபேசிக்குப் பதில் இணையம் வந்துவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மிஸ்டிக் இலவசம், ஆனால் மூலநிரல் கிடைக்காது. சிங்க்ரோநெட்டின் மூலநிரல் திறந்தது, தூரத்திலிருந்து உள்ளே நுழைய டெல்நெட், எஸ்எஸ்ஹெச் என்ற வழிகள், கடிதம் மாற்றும் மெயிலர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. வருபவரின் டெர்மினல், அதாவது எழுத்துத் திரை, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைப் புரிந்துகொள்ளுமா என்பதையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். எங்களுக்குத் தேவை அதுதான் என்பதால் என் நோடிலும் (வலையில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒரு நோடு) இன்னொரு நண்பருடைய நோடிலும் சிங்க்ரோநெட். ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை போதும், அதுவும் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. மூன்றாமவர் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளம்) காலத்து பிபிஎஸ் ஒன்றை, பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டருக்குள் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாலாமவருக்கு பிபிஎஸ் வேண்டாம், செய்தி மட்டும் போதும். ஃபிடோ மொழியில் அவர் ஒரு 'பாயிண்ட்'.

முகவரி முறை எனக்கு மிகவும் பிடித்தது. மண்டலம், வலை, நோடு, பாயிண்ட் என்று நான்கு எண்கள், உதாரணமாக 901:1/3.1. ஃபிடோநெட்டுக்கென்று 1 முதல் 6 வரை மண்டலங்கள் ஒதுக்கப்பட்டவை. அதே தொழில்நுட்பத்தில் ஓடும் பிற வலைகள் தங்களுக்கென்று வேறு எண் வைத்துக்கொள்கின்றன, எஃப்எஸ்எக்ஸ்நெட் 21 போல. தனி வலை என்பதால் நாங்களும் ஒன்றை எடுத்துக்கொண்டோம். யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை. நோடு பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, எங்களுடையது சில வரிகளில் முடிந்துவிட்டது.

இணைப்பில் ஒரு சிக்கல். இப்போதெல்லாம் இணைய சேவை தருபவர்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் நம் பெட்டியை நேராக அழைக்க முடியாது. ஃபிடோ முறைக்கு இது பெரிய தடையே இல்லை. எல்லாருக்கும் நடுவில் நின்று கடிதம் மாற்றிவிடும் ஹப் மட்டும் அழைப்பை ஏற்கும் இடத்தில் இருந்தால் போதும், மற்றவர்கள் அதை அவ்வப்போது அழைத்து 'போல்' செய்துகொள்ளலாம். மெயிலர்கள் பேசும் மொழி பிங்க்பி, வழக்கமான போர்ட் 24554. ஹப்பை ஒரு வாடகை மெய்நிகர் கணினியில் வைத்தோம். அரை மணிக்கு ஒருமுறை எல்லாரும் போய்க் கதவைத் தட்டுகிறோம்.

பாதுகாப்பு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிங்க்பியில் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் வழி உண்டு. ஆனால் கடிதம் பொதுவாக வெறும் எழுத்தாகத்தான் போகும், அதனால் நாலு பெட்டிகளையும் ஹப்பையும் வயர்கார்டு என்ற மறைகுறியாக்கிய சுரங்கத்துக்குள் வைத்தோம். அப்படியும் ஹப் நடத்துபவர் நினைத்தால் வழியில் போகும் நெட்மெயிலைத் திறந்து பார்க்கலாம். ஹப் நடத்துவது நான். படிக்க மாட்டேன் என்ற என் வாக்கைத் தவிர நண்பர்களுக்கு வேறு காப்பு இல்லை. தனி வலை என்றதும் ரகசிய வலை என்று நினைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

டெல்நெட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைக்கலாமா என்றால், கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். போர்ட் 23ஐத் திறந்தால் மனிதர்களுக்கு முன்னால் பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் வந்துவிடும். 2323க்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், 23ஐயும் 2323ஐயும் சேர்த்தே தேடியது. பலர் வாசலில் 'எஸ்கேப் பட்டனை இரண்டு முறை தட்டவும்' என்று ஒரு திரை வைக்கிறார்கள். இத்தனை சின்ன கேள்விக்கே பெரும்பாலான தானியங்கி நிரல்கள் திரும்பிப் போய்விடுகின்றன. எங்களுடையது சுரங்கத்துக்குள் மட்டும் என்பதால் எங்களுக்கு அந்தத் திரையும் தேவைப்படவில்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன்.

முதலில் ஆங்கிலத்தில் சோதனைக் கடிதங்கள் போய் வந்தன. அப்புறம் தமிழில் ஒரு பத்தி எழுதிப் பொது எக்கோவில் போட்டேன். இன்னொரு சிங்க்ரோநெட் நோடில் அச்சு அசலாக வந்தது. பாயிண்டிலும் சரியாகவே தெரிந்தது. டாஸ் நோடிலிருந்து பதில் வந்தபோதுதான் வேடிக்கை. என் பத்தியை மேற்கோள் காட்டியிருந்தார், அதில் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. உயிரெழுத்து, உயிர்மெய், கால், கொம்பு, விசிறி எல்லாம் பத்திரமாக இருந்தன. மெய்யெழுத்துகள் மட்டும் தலையில் அடிபட்டு வந்திருந்தன.

எழுத்துரு பிரச்சினை என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆனால் எழுத்துரு சரியில்லை என்றால் ஒரே ஒரு குறி மட்டும் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. அதனால் பாக்கெட்டையே பிரித்து, பைட் பைட்டாக எண்களைப் பார்த்தோம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். புள்ளிக்கு அவை 224, 175, 141. ஹப்பில் இருந்த பாக்கெட்டில் மூன்றும் இருந்தன. டாஸ் நோடின் செய்திக் கிடங்கில் 224, 175 மட்டும் இருந்தன. 141 இல்லை. கடைசி பைட் போனதும் மீதி இரண்டுக்கு அர்த்தம் இல்லாமல் போய், டெர்மினல் கேள்விக்குறி போட்டுவிட்டது.

ஏன் 141 மட்டும்? விடை ஃபிடோநெட்டின் முதல் தொழில்நுட்ப ஆவணத்திலேயே இருக்கிறது. வரி முடிவைக் குறிக்கும் கேரேஜ் ரிட்டர்னின் எண் 13. அதன் மேல் பிட்டை ஏற்றினால், அதாவது 128ஐக் கூட்டினால், 141. பழைய எடிட்டர்கள் தாங்களாக வரியை மடக்கிய இடத்தைக் குறிக்க இந்த எண்ணை வைத்தன, 'மென் ரிட்டர்ன்' என்று. வாங்கும் மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது விதி. டாஸ் நோடின் டாஸர், அதாவது வந்த பாக்கெட்டைப் பிரித்து அந்தந்தப் பகுதியில் போடும் நிரல், விதியைச் சொன்னபடி கடைப்பிடித்திருக்கிறது. யூனிகோடு வருவதற்கு முன் எழுதிய விதி, தமிழில் அடிக்கடி வரும் குறிகளில் ஒன்றின் வாலை வெட்டிவிட்டது. வேறு எந்தத் தமிழ்க் குறிக்கும் 141 வராது. இவ்வளவு குறிபார்த்து அடிக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால்கூட முடிந்திருக்காது.

நாங்கள் முதல் பலி இல்லை என்பது தேடியபோது தெரிந்தது. ரஷ்ய ஃபிடோநெட்டில் புழங்கிய கோட்பேஜ் 866 என்ற எழுத்து அட்டவணையில் 141 என்பது 'ந' ஒலிக்கான பெரிய எழுத்து. அது காணாமல் போய்க்கொண்டே இருந்ததால், அதே உருவத்தில் இருக்கும் லத்தீன் 'எச்' எழுத்தை அங்கே போட்டு எழுதப் பழகியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். நமக்குப் புள்ளியைப் போலவே இன்னொரு எழுத்து எங்கே இருக்கிறது?

ஒரு யோசனை வந்தது. 1990களின் இறுதியில் உருவான டிஸ்கி குறியாக்கத்தில் க், ங், ச் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரே பைட், புள்ளி தனியாக வராது. டாஸ் நோடுக்குப் போகும் பாக்கெட்டை மட்டும் ஹப்பில் டிஸ்கிக்கு மாற்றி, திரும்பி வருவதை யூனிகோடாக்கலாம். இடமும் மிச்சமாகும். எனக்கு ஆசைதான், ஆனால் வழியில் போகும் கடிதத்தில் ஹப் கை வைக்கக் கூடாது என்பது இந்த வலைகளின் பழைய ஒழுக்கம். அது நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆளாளுக்குத் திருத்தினால் எந்தப் பிரதி மூலம் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் டாஸ் நோடுக்காரர் டாஸரை மட்டும் எமுலேட்டருக்கு வெளியே எடுத்து, லினக்ஸில் ஓடும் புதிய ஒன்றை வைத்தார். அது 141ஐத் தொடாது. பழைய பிபிஎஸ் அதே கிடங்கைப் படித்து, பைட்டுகளை அப்படியே டெர்மினலுக்குத் தள்ளிவிடுகிறது. புள்ளி திரும்பிவிட்டது. இதோடு, இந்தச் செய்தி யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று சொல்லும் சிஎச்ஆர்எஸ் மறைவரியை எல்லா நோடும் சேர்க்கும்படி அமைத்துக்கொண்டோம்.

பழைய பிபிஎஸ் இன்னமும் பைட்டை எழுத்து என்றே எண்ணுகிறது. 79 பைட்டுக்கு ஒருமுறை வரியை மடக்குவதால் தமிழ்ச் செய்திகள் அவர் திரையில் ஒல்லியாக, இடது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவருக்கு அது பிடித்திருக்கிறதாம்.

பெயர்ப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. பாக்கெட்டில் அனுப்புநர், பெறுநர் பெயருக்கு 36 பைட், தலைப்புக்கு 72. அதிலும் ஒன்று முடிவுக்குறிக்குப் போய்விடும். பெயருக்கு மிஞ்சும் 35 பைட்டில் 11 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். 'முத்துக்குமரன்' என்ற பெயரைப் பிரித்து எண்ணினால் 14 குறிகள், 42 பைட். நடுவில் வெட்டுப்பட்டு, பாதி எழுத்தோடு நிற்கும். பெயர் பொருந்தினால்தான் 'உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது' என்று பிபிஎஸ் சொல்லும் என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது. இப்போதைக்குச் சின்னப் பெயர்களும் புனைபெயர்களும் வைத்துக்கொண்டிருக்கிறோம். தலைப்பை 23 குறிகளுக்குள் எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

திரை அகலம் இன்னொரு தலைவலி. டெர்மினல் என்பது ஒரே அளவுக் கட்டங்களின் வரிசை. நெடுநாளாகப் புழங்கும் ஓர் அகல அட்டவணையில் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அகலம் பூஜ்யம், காலுக்கும் இகரக் குறிக்கும் ஒரு கட்டம். எல்லா டெர்மினலும் இதே கணக்கில் போவதில்லை. அதனால் மெனுவைச் சுற்றிப் போட்ட பெட்டியின் வலது கோடு வரிக்கு வரி ஆடுகிறது. சில டெர்மினலில் 'கொ' எழுதினால் கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து நிற்கிறது. நான் பெட்டிகளையே எடுத்துவிட்டேன். இடது ஓரம் நேராக இருந்தால் போதும், வலது ஓரம் எப்படியோ போகட்டும்.

எழுதும் விதத்திலும் ஒரு மாற்றம் தெரிகிறது. கடிதம் போய்ப் பதில் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் 'ம்', 'சரி' என்று யாரும் அனுப்புவதில்லை. கேட்க வேண்டியதை ஒரே கடிதத்தில் கேட்டுவிடுகிறோம். போல் இடைவெளியை ஐந்து நிமிடமாகக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், மற்ற மூன்று பேரும் வேண்டாம் என்றுவிட்டோம்.

அடுத்தது இரண்டாவது ஹப். இப்போது ஹப் நின்றால் வலையே நின்றுவிடும். இரண்டு வழி இருந்தால் ஒரே செய்தி இரண்டு முறை வரும். யார் யார் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று செய்தியின் அடியில் எழுதும் சீன்-பை வரிகளும், ஒவ்வொரு செய்திக்கும் உள்ள எம்எஸ்ஜிஐடி எண்ணும் அதைப் பிடித்துவிட வேண்டும். சிங்க்ரோநெட் நோடுகள் இரண்டுக்கும் நடுவில் முதலில் இணைத்துப் பார்க்கப் போகிறோம். டாஸ் நோடு கடைசியில்தான்.