கடை நம்பர்

தென்காசிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நீளக் கணக்கு நோட்டு ஒன்று கிடக்கும். விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளின் பெயர், யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும். பாஸ்வேர்டு பாதிப் பேருக்கு ஒன்றேதான், கடைப் பெயரும் 123-ம். மெயில் ஐடி திறக்கும்போது ஓடிபி சட்டென்று கிடைக்கட்டும் என்று கடை நம்பரையே கொடுத்துவிடுவோம். "பாஸ்வேர்டு மறந்துட்டுண்ணே" என்று மறுநாள் வந்து நிற்கிற பிள்ளைக்கு நோட்டைப் புரட்டிச் சொல்வோம். உதவி செய்கிறோம் என்றுதான் நம்பினேன்.

2018-ல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்தது. அதுவரை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறியவர்கள் எங்கள் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளை கொடுக்கிற கல்லூரி விருப்பப் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதிலிருந்துதான் இடம் பார்த்துக்கொண்டே வரும். கெடு முடியும்வரை வரிசையை மாற்றலாம். பாஸ்வேர்டு தெரிந்த யாரும் மாற்றலாம்.

அதன் விலை எனக்குத் தெரிந்தது ஒரு கல்லூரி ஏஜென்ட் வந்தபோதுதான். முதலில் போன் நம்பர்களை மட்டும் கேட்டார். நோட்டைப் பார்த்ததும் பேச்சு மாறியது. "நம்ம காலேஜை மேல தூக்கி வச்சிருங்க தம்பி, சீட்டுக்கு இவ்வளவு." எடுத்த எடுப்பில் மறுத்தேன் என்று சொன்னால் பொய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனசுக்குள் கணக்கும் போட்டேன்.

அன்று சாயங்காலம் பீடி சுற்றுகிற அம்மா ஒருவர் மகளோடு வந்தார். அந்தப் பிள்ளை ஒரு தாளில் கல்லூரி எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தது. முதல் ஐந்தும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடியவை. விடுதிக்குக் கட்டப் பணம் கிடையாது. அந்த வரிசையில் ஒரு எண்ணை மேலே தள்ளினால் இந்தப் பிள்ளையின் படிப்பே நின்றுபோகும் என்று அப்போதுதான் உறைத்தது. ஏஜென்டுக்கு அன்று இரவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் ஏஜென்ட் வருவதற்கு முன்பே நாங்கள் தப்புச் செய்துகொண்டிருந்தோம். அந்த நோட்டைக் கல்லாவில் திறந்துபோட்டிருந்ததே தப்பு.

நோட்டைக் கிழித்தோம். கீபோர்டைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, "நீயே அடி, எங்களுக்குச் சொல்லாதே" என்றோம். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடி அடிப்பார்கள். வரிசை தெரு வரைக்கும் நிற்கும். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. பிரிண்ட் போட வாட்ஸ்அப்பில் வருகிற ஆதாரையும் மார்க் ஷீட்டையும் ஆள் படியிறங்குவதற்குள் அழித்துவிடுவோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரோடு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வோம்.

கடை மூடியாயிற்று. அந்தக் கடை நம்பர் சிம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு நம்பர் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழித்து அது வேறு யாருக்கும் போகலாம். எத்தனையோ பிள்ளைகளின் மெயில் இன்னும் அந்த நம்பரில் தொங்குகிறது. எப்போதாவது ஒரு ஓடிபி வரும். கொஞ்ச நேரத்தில் போனும் வரும். சொல்லிவிட்டு, "முதல்ல உன் நம்பருக்கு மாத்து, நான் லைன்லயே இருக்கேன்" என்பேன்.