லேத் வாங்கியது ஒரு நாள், ஓட வைத்தது நாலு மாதம்

கோயம்புத்தூர்க்காரன் வீட்டில் ஒரு லேத் (இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற இயந்திரம்) வைத்துக்கொள்ள ஆசைப்படுவது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. தெருவுக்குத் தெரு பட்டறைச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். நான் உட்கார்ந்து பார்க்கிற வேலை கம்ப்யூட்டரில், சனி ஞாயிறு மட்டும் கையில் கிரீஸ் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கணபதி பக்கம் மூடப்போகிற ஒரு சின்னப் பட்டறையில் மூணடி பெட் (லேத்தின் நீளமான அடித்தளம்) போட்ட பழைய லேத் ஒன்று 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரோடு கிடக்கிறது என்று நண்பர் சொன்னார். காலையில் போய்ப் பார்த்தோம், அங்கேயே ஓட்டிக் காட்டினார்கள், அருமையாக ஓடியது. சாயங்காலம் குட்டியானையில் ஏற்றி வந்து, ஜிஐ பைப்பை உருளையாக அடியில் கொடுத்து, பின்பக்க ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்திவிட்டோம்.

அன்று இரவே சுவிட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு உறுமல், சக் (கடைகிற பொருளைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற தலை) அசையவே இல்லை. கையால் பெல்ட்டை இழுத்துவிட்டால் சோம்பேறித்தனமாகச் சுற்ற ஆரம்பித்துப் பிறகு ஸ்பீடு பிடிக்கிறது. (கையால் இழுத்துவிடுகிற இந்தக் காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள். திடீரென்று பிடித்துக்கொண்டால் விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருக்கும்.)

இந்த அறிகுறியைச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘கெப்பாசிட்டர் போயிருக்கும்’ என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிங்கிள் பேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது, ஸ்டார்டிங் காயிலும் அதோடு ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து முதல் தள்ளு கொடுக்க வேண்டும். முக்கால்வாசி வேகம் வந்ததும் உள்ளே இருக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஸ்டார்டிங் காயிலைக் கழற்றிவிடும். மோட்டாரை நிறுத்தும்போது வேகம் குறையக் குறைய ஒரு ‘டிக்’ சத்தம் வருமே, அது அந்த சுவிட்ச் திரும்ப ஒட்டுகிற சத்தம்தான். பழைய கெப்பாசிட்டர் மேல் 100-120 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) என்று இருந்தது, அதே அளவில் புதுசு வாங்கி மாட்டினேன். மறுநாள் காலையில் ஓடியது. சந்தோஷத்தில் பழசைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் மறுபடியும் ‘ம்ம்ம்ம்’.

சரி, காயில்தான் போய்விட்டது என்று மோட்டாரைக் கழற்றி ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் பெஞ்சில் வைத்து லைன் கொடுத்தார், ஒரே விநாடியில் கிளம்பியது. நிறுத்தி நிறுத்தி அஞ்சாறு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ‘மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி, உங்க வீட்டுக் கரண்ட்டைப் பாருங்க’ என்றார். ஒரு பைசா வாங்கவில்லை. புதுசாகக் காயில் கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகக் காசு கொடுத்திருப்பேன், அதுதான் உண்மை.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அதிலும் ஒரு விஷயம் உண்டு: மோட்டார் ஓடாதபோது பிளக்கில் வோல்டேஜ் பார்த்துப் பிரயோஜனமே இல்லை. சும்மா இருக்கும்போது எந்த ஒயரும் யோக்கியன்தான். மோட்டார் டெர்மினலில் மீட்டரை முதலிலேயே கிளிப் போட்டு மாட்டி, தள்ளி நின்றுகொண்டு, இன்னொருவரை சுவிட்ச் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் 205 வோல்ட் இருந்தது, சுவிட்ச் போட்டதும் 172க்கு விழுந்தது. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 172 என்றால் திருகுவிசை பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பெல்ட், கியர், உறைந்துபோன பழைய கிரீஸ் எல்லாவற்றையும் அது எப்படி இழுக்கும்?

எங்கே போகிறது அந்த முப்பது சொச்சம் வோல்ட்? ஷெட்டுக்கு ஏற்கெனவே ஒரு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போயிருந்தது, எப்போதோ ஒரு டியூப்லைட்டுக்காக இழுத்தது, 25 மீட்டர். அதன் முடிவில் நான் ஒரு 10 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு லேத்தை மாட்டியிருந்தேன். 1.5 காப்பர் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 35 மீட்டர் போக, 35 மீட்டர் வர, மொத்தம் 70 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 0.85 ஓம். மோட்டார் பிளேட்டில் 6.8 ஆம்பியர் என்று போட்டிருந்தது, ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 35 ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும் 30 வோல்ட் ஒயரிலேயே காலி. எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5கூட இல்லை, அதைவிட மெலிசு. மிச்சத்தைச் சுருட்டிக் கீழே போட்டிருந்தேன், தொட்டுப் பார்த்தால் சுருள் கதகதவென்று இருந்தது.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் இன்னொரு லட்சணம் மழைக்காலத்தில்தான் தெரிந்தது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை, ஷெட் தரை நசநசவென்று இருக்கிறது, செருப்பில்லாமல் போய் டூல் போஸ்ட்டில் (வெட்டுகிற டூலைப் பிடித்திருக்கிற பாகம்) கை வைத்தேன், சுருக்கென்றது. டெஸ்டர் வைத்தால் லேத் பாடி முழுக்க எரிகிறது. பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால் மூணு ஓட்டை இருக்கிறது, உள்ளே வந்த ஒயர் ரெண்டே கோர். எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். அத்தனை நாளும் 150 கிலோ இரும்பு எர்த் இல்லாமல் நின்றிருக்கிறது, நான் அதில் சாய்ந்துகொண்டு டீ குடித்திருக்கிறேன்.

மோட்டாரும் ஈரம் குடித்திருந்தது. ஒயர்மேன் அண்ணன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) கொண்டுவந்து காயிலுக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தார், 0.4 மெகா ஓம். குறைந்தபட்சம் ஒன்றாவது இருக்க வேண்டும். மூடியைக் கழற்றி, ஒரு அட்டைப்பெட்டிக்குள் மோட்டாரையும் 100 வாட் குண்டு பல்பையும் தள்ளித் தள்ளி வைத்து ரெண்டு நாள் எரியவிட்டோம் (பல்பு அட்டையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நடுநடுவே ஆளும் எட்டிப் பார்க்க வேண்டும்). அப்புறம் 20க்கு மேல் காட்டியது.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று மீட்டர் பக்கத்து மெயின் போர்டிலிருந்தே ஷெட்டுக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், பைப்புக்குள் விட்டு இழுத்தோம். 4 எதற்கு, 2.5 போதுமே என்று அண்ணனே சொன்னார். ஓடுகிற கரண்ட்டுக்கு 2.5 தாராளம்தான், அதில் தப்பில்லை. ஆனால் என் பிரச்சினை சூடு இல்லை, கிளம்பும்போது விழுகிற வோல்டேஜ். 4 போட்டால் அதே தூரத்துக்கு 11 வோல்ட்தான் போகும், 2.5 என்றால் 18. எங்கள் ஏரியா சாயங்கால வோல்டேஜுக்கு அந்த ஏழு வோல்ட் எனக்குப் பெரிது. எர்த் ஒயரும் மெயினிலிருந்தே கூடவே வந்தது. பழைய எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் புதுப்பித்தோம்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) வாங்கும்போது ‘பத்து ஆம்பியர் குடுங்க’ என்று மட்டும் கேட்டேன், கடையில் பி10 கொடுத்தார்கள். சுவிட்ச் போட்டால் டப், போட்டால் டப். பி டைப் தன் அளவைப்போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கிலேயே உடனே விழுந்துவிடும், அதாவது 30லிருந்து 50 ஆம்பியர், என் மோட்டார் கிளம்புவதே அங்கேதான். சி டைப் ஐந்திலிருந்து பத்து மடங்கு. மோட்டாருக்கு சி கேட்டு வாங்குங்கள். சி16 போட்டேன், ஒயர் 4 எம்எம் என்பதால் அதற்கு ஆபத்தில்லை. மோட்டாரைக் காப்பாற்றுவது எம்சிபி வேலை இல்லை, அதற்குத் தனியாக ஓவர்லோடு ரிலே இருக்கிறது, வருகிறேன்.

எம்சிபியோடு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்). சுருக்கென்ற பிறகு இதில் பேரமே பேசவில்லை. இதுதான் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார வைத்தது. 1 எச்பி மோட்டாரை ஓட்டினால் ஒன்றும் ஆகவில்லை, 20 வாட் டியூப்லைட்டைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது! ஃபிட்டிங்கை மாற்றினோம், ஹோல்டரை மாற்றினோம், ‘பீஸே சரியில்லை, கழட்டிப் போட்டுடலாங்க’ என்கிற அளவுக்கு அண்ணன் வந்துவிட்டார். கடைசியில் பார்த்தால் டியூப்லைட்டுக்குப் பேஸ் புது போர்டிலிருந்து போகிறது, நியூட்ரல் மட்டும் பழைய வீட்டு லைனிலேயே கிடக்கிறது. ஆர்சிசிபிக்குத் தெரிந்தது ஒரே கணக்குதான்: என் வழியாகப் போனது என் வழியாகவே திரும்ப வேண்டும். 20 வாட் டியூப் இழுப்பது குறைந்தது 87 மில்லி ஆம்பியர், அத்தனையும் வேறு வழியாகத் திரும்புகிறது. விழாமல் என்ன செய்யும்? நியூட்ரலை மாற்றிக் கொடுத்ததும் அடங்கியது. ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் நியூட்ரல் எங்கே போகிறது என்று தேடச் சொல்லுங்கள், கழற்றி எறிய அப்புறம் போகலாம்.

இனி ஸ்டார்ட்டர். இதை நான் ஆடம்பரம் என்றுதான் நினைத்தேன், சாதா சுவிட்ச் போதாதா என்று. பழைய பெஞ்ச் கிரைண்டர் ஒன்றும் ஷெட்டில் இருக்கிறது. ஒருநாள் அதில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, சுவிட்சை அணைக்க மறந்து, டூல் ரெஸ்ட்டைச் சரிசெய்யலாம் என்று ஸ்பானரோடு குனிந்தேன். கரண்ட் வந்தது. கல் ஸ்பானரைத் தட்டிவிட்டது, ஸ்பானர் போய்ச் சுவரில் அடித்தது, என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மதியமே போய்ப் புஷ் பட்டன் வைத்த காண்டாக்டர் (காந்தக் காயிலால் இழுத்துப் பிடிக்கிற சுவிட்ச்) ஸ்டார்ட்டர் ரெண்டு வாங்கினேன். கரண்ட் போனால் காண்டாக்டர் விட்டுவிடும், திரும்ப வந்தாலும் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். வாங்கும்போது காண்டாக்டர் காயில் 230 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், 415 காயிலும் அதே டப்பாவில்தான் இருக்கும்.

மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுகிற ஓவர்லோடு ரிலே பொதுவாகத் த்ரீ பேஸுக்கு என்று மூணு வழியோடு வரும். சிங்கிள் பேஸில் ஒரு வழியை மட்டும் பயன்படுத்தி மற்ற ரெண்டைச் சும்மா விட்டால், ஒரு பேஸ் போய்விட்டது என்று நினைத்துச் சில ரிலே சீக்கிரமே விழும். பேஸை ஒன்றில் விட்டு, திருப்பி அடுத்ததில் விட்டு, மூன்றின் வழியாகவும் கோர்த்துக் கொண்டுவர வேண்டும். ரிலேயில் அளவு வைக்கிற திருகாணியை மோட்டார் பிளேட்டில் இருக்கிற 6.8 ஆம்பியரிலேயே வைத்தேன்.

ரிவர்ஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. ஸ்டார்டிங் காயிலின் ரெண்டு முனையையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று தெரிந்து, ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டினால் திசை மாறாது, அந்த நேரத்தில் ஸ்டார்டிங் காயில் வேலையிலேயே இல்லை. முழுக்க நின்ற பிறகுதான் தட்ட வேண்டும். சரியாக நிறுத்தித் தட்டினேன், அழகாக எதிர்ப்பக்கம் சுற்றியது, ரெண்டு நிமிஷம் ரசித்தேன். வலப்பக்கம் ஒரு கட் எடுத்துப் பார்க்கலாம் என்று டூலை வைத்ததும் சக் முன்னால் நகர்ந்து வருகிறது. என் லேத்தில் சக் ஸ்பிண்டிலில் (சுற்றுகிற தண்டு) மரை போட்டு முறுக்கியிருப்பது, நேராகச் சுற்றினால் இறுகும், எதிர்ப்பக்கம் லோடு கொடுத்தால் கழன்றுவிடும். சிவப்புப் பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் நின்றது, இல்லாவிட்டால் பதினஞ்சு கிலோ சக் பெட்டில் விழுந்து, அங்கிருந்து என் காலில் விழுந்திருக்கும். அந்த சேஞ்ச் ஓவர் சுவிட்சைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கும் ஒரே அமுக்கில் கிளம்புகிறது. மீட்டர் மாட்டிப் பார்த்தேன், 205லிருந்து 190க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. லேத்தில் முதலில் செய்தது வீட்டு கேட்டின் கீலுக்கு ஒரு பித்தளை புஷ் (தண்டு சுற்றுகிற வளையம்). அப்பா வந்து கேட்டை ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, ‘இதைக் கடையில அம்பது ரூபாய்க்குத் தருவானே’ என்றார்.

பாக்கி இருப்பது வெளிச்சம். ஷெட்டில் இருக்கிற மலிவு எல்இடி டியூப் விநாடிக்கு நூறு தடவை அணைந்து எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாலு ஜா (பொருளைக் கவ்வுகிற தாடை) சக்கை 1500 ஆர்பிஎம் பக்கம் ஓட்டினால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு ஜா அதே இடத்துக்கு வந்துவிடும், சக் நிற்கிற மாதிரியே தெரியும். என் லேத் அவ்வளவு வேகம் போகாது, இருந்தாலும் கிரைண்டருக்கும் அதே வெளிச்சம்தான். இந்த வாரம் ஒரு சாதா குண்டு பல்பு ஹோல்டரை லேத் தலைக்கு மேலே மாட்டப் போகிறேன், மோட்டாரைக் காயவைத்த அதே 100 வாட் பல்பு சும்மாதான் இருக்கிறது.