ஹட் பேலேர்ந்து அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும்

சிங்கப்பூர்ல வேலை பாத்துக்கிட்டு அப்பா அம்மாவ அந்தமான்ல வச்சிருக்கறவங்க ரொம்பப் பேர் இல்ல, ஆனா இருக்கோம். தேக்காவுல காய்கறி வாங்கறப்ப கூட ஒரு தடவ அந்தமான் ரங்கத் ஊர்க்காரர் ஒருத்தர பாத்திருக்கேன். இந்த வருஷம் எங்க அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சு, அவங்கள ஹட் பேலேர்ந்து போர்ட் பிளேருக்குக் கொண்டு போயி ஆபரேஷன் முடிச்சு திரும்பக் கூட்டிட்டு வந்தோம், அதுல அரசாங்க உதவி எங்க எங்க கெடச்சுது, எங்க கெடைக்கலங்கறத அப்படியே எழுதிடறேன், இதே நெலமைல இருக்கற யாருக்காவது ஒதவும்.

மொதல்ல ஊரப் பத்தி சொல்லிடறேன். ஹட் பே இருக்கறது லிட்டில் அந்தமான்ல. போர்ட் பிளேர்லேர்ந்து கடல் வழியா சுமார் 120 கிலோமீட்டர். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர மாத்திட்டாங்க, எங்க வீட்ல இன்னும் பழைய பேர்தான் ஓடுது, நானும் அப்படியே எழுதறேன். 2011 கணக்குப்படி லிட்டில் அந்தமான்ல 18,000 சொச்சம் பேர், பெங்காலிக்காரங்க ஜாஸ்தி, தமிழ்க் குடும்பங்களும் இருக்கு, தீவோட பூர்வகுடி ஓங்கே மக்கள் டுகாங் கிரீக் பக்கம் இருக்காங்க. பாலம் கெடையாது, ஏர்போர்ட் கெடையாது. கப்பல், இல்லன்னா ஹெலிகாப்டர். இங்க என்கூட வேலை பாக்கற ஒரு அக்கா "ஏன்டி, உபின் தீவுக்குப் போற மாதிரியா?"ன்னு கேட்டாங்க. உபின் இங்க சிங்கப்பூர்லயே இருக்கற குட்டித் தீவு, சாங்கி பாயிண்ட்ல பன்னெண்டு பேர் சேந்தா போதும், தலைக்கு 4 வெள்ளி குடுத்தா பத்து நிமிஷத்துல எறங்கிடலாம். ஹட் பேக்கு ஒரு ராத்திரி முழுக்க கப்பல்ல படுத்து வரணும், அதுவும் கடல் சம்மதிச்சாத்தான்.

தென்மேற்குப் பருவமழை நேரம், அம்மா பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கி விழுந்துட்டாங்க. தம்பி போன் பண்ணான், "அக்கா, அம்மாவால எழுந்திரிக்கவே முடியல, வலது கால் வெளிப்பக்கமா திரும்பிக் கெடக்கு"ன்னு. ஹட் பே ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்து பாத்து, எலும்பு ஒடஞ்சிருக்கு, இங்க ஆபரேஷன் பண்ண முடியாது, ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு சொல்லிட்டாங்க. அந்தமான் நிக்கோபார் முழுசுக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரி அதுதான், போர்ட் பிளேர்ல இருக்கு.

இந்த எடத்துல கவனிக்க வேண்டியது ரெஃபரல் சீட்டு. டாக்டர் எழுதிக் குடுக்கற அந்த ஒரு பேப்பர்லேர்ந்துதான் எல்லாமே ஆரம்பிக்குது, ஹெலிகாப்டர் கேக்கறதுக்கும் அதுதான், அந்தப் பக்கம் அட்மிஷனுக்கும் அதுதான். ஹெலிகாப்டருக்கு நாம தனியா எங்கயும் ஓட வேண்டியதில்ல, ஆஸ்பத்திரிலேர்ந்தே தகவல் மேல போகுது. பவன் ஹன்ஸ்ங்கற கம்பெனியோட ஹெலிகாப்டர நிர்வாகம் தீவுகளுக்கு நடுவுல ஓட்டறாங்க, அவசர நோயாளிக்கு அதுல முன்னுரிமை உண்டு, ரொம்ப மோசமான கேஸ்ல கோஸ்ட் கார்டும் நேவியும் கூட வந்து தூக்கிட்டுப் போயிருக்காங்க. நோயாளிகூட ஒருத்தர் போகலாம்னாங்க, தம்பி போனான்.

ஆனா ஒடனே போக முடியல. மேகம் கீழ எறங்கி நின்னுச்சு, மழை விடல, கப்பலும் அலை அதிகம்னு கெளம்பல. அம்மாவோட கால அசையாம கட்டி, வலிக்கு ஊசி போட்டு வச்சிருந்தாங்க. இது யாரோட தப்பும் இல்ல, பைலட் உயிரயும் பாக்கணும். ஆனா இங்க ஜூரோங்ல ஆபீஸ்ல உக்காந்து எக்ஸெல் ஷீட்ட பாத்துக்கிட்டு, போன் எப்ப அடிக்கும்னு இருக்கறது இருக்கே, அத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். எங்க ஊருக்கும் சிங்கப்பூருக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம், இங்க நான் எம்.ஆர்.டி ரயில் ஏறறப்ப அங்க விடிகாலைதான், மேகம் விலகிடுச்சான்னு கேக்கக் கூட காத்திருக்கணும்.

அந்த நேரத்துல எனக்கு பெரிய கைத்துணையா இருந்தது இன்டர்நெட்தான், இத சொல்லியே ஆகணும். நான் அங்க இருந்த காலத்துல எல்லாமே சேட்டிலைட் வழியா, ஒரு போட்டோ போறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னைலேர்ந்து அந்தமானுக்கு கடலுக்கடியில கேபிள் போட்டு தொறந்தாங்க, சுமார் 2,300 கிலோமீட்டர், மத்திய அரசோட செலவு, அது போர்ட் பிளேரோட நிக்காம லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகுது. தனியார் கம்பெனி எதுவும் லாபம் பாத்து ஹட் பேக்கு கேபிள் இழுத்திருக்காது. அதனாலதான் அம்மாவோட எக்ஸ்ரேய தம்பி அனுப்பின ஒடனே நான் இங்க எங்க புளோக்ல இருக்கற ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்ட முடிஞ்சுது, அவர் பாத்துட்டு "ஆபரேஷன் தள்ளிப் போடாதீங்க, வயசானவங்க படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், படுக்கைப் புண் வரும், ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா உக்கார வைக்க முடியுமான்னு அங்க கேளுங்க"ன்னு சொன்னார். காசும் அப்படித்தான். 2023 பிப்ரவரிலேர்ந்து சிங்கப்பூர் பேநவ்ல இருந்து இந்தியா யூபிஐக்கு நேரா அனுப்பலாம், எங்க தம்பி கணக்கு இருக்கற பேங்க் அதுல இருக்கு, நான் இங்க பட்டன அமுக்கினா அங்க அவனுக்கு மெசேஜ் வந்துடும். ஒங்க பேங்க் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

மழை கொஞ்சம் விட்டதும் ஹெலிகாப்டர் வந்துச்சு. கப்பல்ல ஒரு ராத்திரி ஆகற தூரத்த ஒரு மணி நேரத்துக்குள்ள கடந்துட்டாங்க. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்னுச்சு, நேரா ஜி.பி. பந்த். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அரசு ஆஸ்பத்திரி, பெரிய செலவு இல்ல, மருந்துல சிலது, வாக்கர், கமோடு வச்ச நாற்காலி இதெல்லாம் வெளில வாங்கினோம். வார்டுல ஒரு தமிழ் சிஸ்டர் இருந்தாங்க, அம்மாவுக்கு ஹிந்தி தெரியும்னாலும் வலில தமிழ்தான் வருது, அவங்க பக்கத்துல வந்து "என்னம்மா, இன்னைக்கு நாலு அடி வைப்பமா"ன்னு கேட்டதுலயே அம்மாவுக்குப் பாதி தெம்பு வந்துடுச்சு. ஜி.பி. பந்த்ல முடியாம இந்திய மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டி வந்தா, வருமானம் கம்மியா இருக்கற தீவுவாசிகளுக்கு அனிஷின்னு அரசு காப்பீட்டுத் திட்டம் ஒண்ணு இருக்கு, அதுக்கும் ஜி.பி. பந்த் ரெஃபரல்தான் வழி. எங்களுக்கு அது தேவப்படல.

நான் லீவு சொல்லிட்டு சென்னை வழியா போய்ச் சேந்தேன், அம்மா அப்ப வாக்கர் புடிச்சு நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. டிஸ்சார்ஜ் எழுதிட்டாங்க. கஷ்டம் முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நெனைப்போம், எங்களுக்கு பெரிய பாடு அங்கதான் ஆரம்பிச்சுது.

ஏன்னா போறப்ப அம்மா அவசர நோயாளி. வர்றப்ப அவங்க சாதாரண பயணி. எங்களுக்குக் கெடச்ச அவசர ஏற்பாடு எல்லாம் போறதுக்குத்தான் இருந்துச்சு. ஹெலிகாப்டர் சீட்டுக்கு டிஸ்சார்ஜ் சம்மரிய வச்சு எழுதிக் குடுத்தோம், சீட்டே கொஞ்சம், அதுல பிரசவக் கேஸு, நெஞ்சு வலிக் கேஸு இருந்தா அவங்களுக்குத்தான் போகணும், அதுல எனக்கு மனக்கொற இல்ல. ஆனா இடுப்புல புது மூட்டு வச்சு, கால மடக்கக் கூடாது, குனியக் கூடாதுன்னு சொல்லி அனுப்பின எழுபது வயசு மனுஷி ஒருத்தங்களுக்கும், தேங்கா மூட்டயோட ஏர்ற ஒருத்தருக்கும் ஒரே வரிசைங்கறது எனக்கு ஏத்துக்கவே முடியல. அவசரத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவுல இன்னொரு வகை வேணும்.

சரி, கப்பல்தான்னு முடிவாச்சு. தீவுகளுக்கு நடுவுல ஓடற கப்பல்கள நிர்வாகத்தோட கப்பல் சேவை இயக்குநரகம்தான் ஓட்டுது, ஃபீனிக்ஸ் பே ஜெட்டிலேர்ந்து கெளம்பும். டிக்கெட் ஆன்லைன்லயும் எடுக்கலாம், கவுண்டர்லயும் எடுக்கலாம், ஆனா மழைக்காலத்துல கப்பல் நேரம் மாறிக்கிட்டே இருக்கும்ங்கறதால யாராவது ஒருத்தர் கவுண்டர் பக்கம் போய் நோட்டீஸ் போர்ட பாத்துட்டு வர்றது நல்லது. தீவு அடையாள அட்டை இருக்கறவங்களுக்கு ஒரு கட்டணம், இல்லாதவங்களுக்கு அதிகக் கட்டணம். தீவு அட்டைக்கு வாங்கற காசுல டீசல் செலவு கூட கட்டாது, மிச்சத்த நிர்வாகம் தாங்குது. நான் அதிகக் கட்டணம் குடுத்துத்தான் எடுத்தேன். அது சரிதான், நான் இப்ப அங்க குடியிருக்கல, அந்தச் சலுகை அங்க இருந்து குடும்பம் நடத்தறவங்களுக்கானது.

அம்மாவோட அட்டைலதான் சிக்கல். அட்டைல அவங்க பேரும் ஒரு இனிஷியலும் மட்டும், ஆதார்ல அப்பாவோட முழுப் பேரும் சேந்து வந்திருக்கு. தமிழ்க் குடும்பங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான் இருக்கும். ஒரு கவுண்டர்ல ரெண்டும் வேற வேற ஆளுன்னே சொல்லிட்டாங்க. தம்பி ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் அட்டை எல்லாத்தையும் காட்டி, கொஞ்ச நேரம் நின்னு பேசினப்பறம் மேலதிகாரி ஒருத்தர் வந்து பாத்து ஒத்துக்கிட்டார். அந்த ஒரு எழுத்துக்காக அம்மா பேரு லிஸ்ட்ல ஏறாம போயிருந்தா அடுத்த கப்பல் எப்பன்னு யாருக்கும் தெரியாது. ஒங்க வீட்ல பெரியவங்க இருந்தா, ஒடம்பு நல்லா இருக்கறப்பவே எல்லா அட்டைலயும் பேர ஒண்ணாக்கி வச்சுடுங்க. படுத்த பெறகு செய்ய முடியாத வேலை இது.

கப்பல்ல கீழ் பங்க், அதாவது கீழ்ப் படுக்கை, கேட்டு வாங்கினோம். அலை எறங்கற வரைக்கும் போர்ட் பிளேர்ல ஜங்லிகாட்ல சொந்தக்காரங்க வீட்ல தங்கினோம். தங்கறதுக்கு எடம் இல்லாத குடும்பங்க என்ன பண்ணும்னு அப்பத்தான் எனக்கு ஒறச்சுது, பக்கத்து பெட்ல இருந்த கச்சால் தீவு அம்மாவோட ஆளுங்க ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் படுத்திருந்தாங்க, அவங்க கப்பல் எங்க கப்பலவிட அபூர்வம். போக வரச் செலவ எவ்வளவு கொறச்சாலும் இந்தக் காத்திருக்கற செலவ யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

கப்பல் ஏறினத மட்டும் விவரமா சொல்றேன். தண்ணி மட்டம் கீழ இருந்தா ஏணிப்பலகை செங்குத்தா எறங்கும், மேல இருந்தா ஏறும், அன்னைக்கு ஏத்தமா இருந்துச்சு. பலகைல குறுக்குக் கட்டைங்க வச்சிருப்பாங்க, வாக்கரோட கால் அதுல மாட்டும், அதனால வாக்கர் அங்க பிரயோஜனமே இல்ல. கப்பல் ஆளுங்க மூணு நாலு பேர் எங்ககிட்ட ஒண்ணும் கேக்காமலே வந்தாங்க, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய எடுத்து அம்மாவ உக்கார வச்சு, ஒருத்தர் முதுகுப் பக்கம், ரெண்டு பேர் காலுப் பக்கம், "சம்பால்கே, சம்பால்கே" (பாத்து, பாத்து)ன்னு சத்தம் போட்டுக்கிட்டே தூக்கினாங்க, நான் அம்மாவோட வலது முழங்கால் இடுப்புக்கு மேல போகாம கையால புடிச்சுக்கிட்டே கூட நடந்தேன், ஏன்னா அப்படிப் போனா மூட்டு நழுவிடும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அலை ஒண்ணு அடிச்சு பலகை அசைஞ்சப்ப நாலு பேரும் அப்படியே நின்னுட்டாங்க, அது அடங்கினதும் திரும்ப நடந்தாங்க. அவங்க வேலைல இது எழுதப்பட்ட கடமையான்னு எனக்குத் தெரியல, ஆனா அவ்வளவு பழக்கமா பண்ணாங்க. ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர் அந்தக் கப்பல்ல இருந்திருந்தா அவங்களுக்கும் சுலபம், அம்மாவுக்கும் பயம் இருந்திருக்காது.

ஹட் பேல விடிகாலைல எறங்கினோம். தம்பி முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால ஆஸ்பத்திரி வண்டி ஜெட்டிக்கு வந்துடுச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமில நொறுங்கிப் போயி திரும்பக் கட்டின ஊரு இது, அன்னைக்கு ரேஷன் பொருள் கூட கப்பல் வந்தாத்தான்னு எங்க ஊர்க்காரங்க கெடந்தாங்க. அந்த ஜெட்டில அம்மா எறங்கி "வீட்டுக்கு வந்தாச்சா"ன்னு கேட்டப்ப நான் நல்லா அழுதுட்டேன்.

அடுத்த செக்கப்புக்கு திரும்பவும் போர்ட் பிளேர்தானான்னு பயந்தோம். ஹட் பே டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, இ-சஞ்சீவனின்னு அரசாங்கத்தோட வீடியோ ஆலோசனை இருக்கே, அதுல எலும்பு டாக்டர்கிட்ட காட்டினார், இப்போதைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒரு போக வரக் கப்பல் மிச்சம். உடற்பயிற்சிய நான் இங்கேர்ந்து சாயங்காலம் வீடியோ கால்ல பாத்துக்கறேன், அம்மா எண்ணிக்கைல ஏமாத்தறாங்களான்னும் பாக்க முடியுது.

இப்ப தம்பியும் பக்கத்து வீட்டு பெங்காலி அண்ணனும் சேந்து ஒரு மனு எழுதியிருக்காங்க, ஹிந்திலயும் தமிழ்லயும். மூணு விஷயம் கேட்டிருக்கோம். ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆன நோயாளிக்கும் கூட ஒருத்தருக்கும் கப்பல்ல கீழ் பங்க் ஒதுக்கணும், ஒவ்வொரு கப்பல்லயும் ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர் வேணும், வெளித்தீவு நோயாளியோட ஆளுங்க கப்பல் வர்ற வரைக்கும் தங்க ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு எடம் வேணும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போட்டுட்டார், ஊர்ல வீடு வீடா வாங்கிட்டு இருக்காங்க. வேற தீவுல இதே பாடு பட்ட குடும்பம் இருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, கப்பல் டிக்கெட் ரெண்டோட காப்பியும் பத்திரமா வச்சிருங்க, மனுவோட சேத்துக் குடுக்கறதுக்கு அதுதான் கேக்கறாங்க.