இரவு 11 மணிக்கு வந்த ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனை முடிவை நோயாளியின் போனுக்கே அனுப்பும் சேவை ஒன்றை வடிவமைத்த குழுவில் இருந்தேன். முன்பு இரண்டு நாள் ஆகும். அன்றைக்கு இரவே கிடைக்கும்படி செய்தோம். வேகம்தான் மதிப்பு என்று முழுசாக நம்பியிருந்தோம்.

அப்புறம் அதைப் பயன்படுத்திய ஒரு பெண்மணியிடம் பேசினேன். இரவு 11 மணிக்குச் செய்தி வந்திருக்கிறது. திறந்தால் வரிசையாக எண்கள், அதில் ஒன்று மட்டும் சிவப்பில். எங்களைப் பொறுத்தவரை சிவப்பு என்றால் வழக்கமான அளவைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தாண்டியது என்றுகூட அது காட்டாது. அவரோ தனக்கு ஏதோ பெரிதாக வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார். அந்நேரத்துக்கு யாரைக் கேட்பது? விடியும்வரை தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றிருக்கிறார்.

தமிழில் பண்டமும் பொருள்தான், அர்த்தமும் பொருள்தான். நாங்கள் பண்டத்தை மட்டும் விரைவாக அனுப்பியிருந்தோம். மதிப்பைத் தயாரிப்பவர் உள்ளே வைத்து அனுப்புவதில்லை, பயன்படுத்தும்போதுதான் அது உருவாகிறது என்று சந்தையியல் பேராசிரியர்கள் ஸ்டீபன் வார்கோவும் ராபர்ட் லஷ்ஷும் 2004-இலேயே எழுதிவிட்டார்கள். படித்தபோது தலையாட்டினேன். இந்தப் பெண்மணி பேசியபோதுதான் உறைத்தது.

அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்தில் எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிகளை வடிவமைத்த டக் டீட்ஸுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. தன் கருவியைக் கண்டு ஒரு சிறுமி அழுவதை அவர் நேரில் பார்த்தார். அசையாமல் படுக்க வைக்கவே பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்பட்டது. அறையைக் கடற்கொள்ளையர் கப்பலாக, விண்கலமாக மாற்றினார். மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. இதைச் சுவரில் படம் வரைந்த கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கருவியை இயக்குபவர் குழந்தையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசித்தார்கள். தடதடவென்று அடிக்கும் அந்தச் சத்தம் குறையவில்லை. ஆனால் விண்கலம் வேகமெடுக்கும் கணத்தைக் கவனித்துக் கேள் என்று சொன்னதும், பயமுறுத்திய அதே சத்தத்துக்காகக் குழந்தை காத்திருக்கிறது!

நாங்களும் எங்கள் ரிப்போர்ட்டை மாற்றினோம். சிவப்பை நீக்கினோம். வழக்கமான அளவோடு ஒப்பிட்டால் எண் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரு கோட்டை வைத்தோம். இரவே பார்ப்பதா, காலையிலா என்பதை அவரவரிடம் விட்டோம். அவசரமான முடிவு என்றால் டாக்டரே அழைப்பார். மற்றவர்களுக்கு, ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரி: 'நாளை காலை 9 மணிக்கு டாக்டர் உங்களிடம் இதைப் பற்றிப் பேசுவார்.'

அந்த வரியை எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அது பொய்யாகாமல் இருக்க, டாக்டர்களின் காலை நேரத்தை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. அதற்கு மூன்று மாதம் ஆனது.