ஒட்டுப்பால் தின்ற ஃபெரட்

மார்த்தாண்டம் பக்கம் கால்நடை வைத்தியம் பார்த்தால் பசு, ஆடு, நாய் என்றே நாள் ஓடிவிடும். கீரி மாதிரி நீளமாக இருக்கும் வளர்ப்புப் பிராணியான ஃபெரட்டை நான் தொட்டதே இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் அதைக் கூண்டோடு ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். கூடவே வந்த பாட்டி, "சாரே, இந்தக் கீரிக்கு வயறு செரியில்ல" என்றார். கீரி இல்லை பாட்டி, கீரியை வளர்த்தால் வனத்துறை வந்து நிற்கும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

டப்பாவில் மலம் கொண்டுவந்திருந்தான். பச்சையாக, கோழை கோழையாக இருந்தது. ஃபெரட்டின் குடல் ரொம்பக் குட்டை, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் பை (பெருங்குடல்வாய்) அதற்குக் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதைவிட வேகமாக ஓடினால் பித்தநீர் நிறம் மாற நேரமில்லாமல் பச்சையாகவே வந்துவிடுகிறது. ஆக, பச்சை என்றால் வேகம், அவ்வளவுதான். காரணம் கிருமியாகவும் இருக்கலாம், தீனியாகவும் இருக்கலாம். புது ஃபெரட் ஒன்று வீட்டுக்கு வந்திருந்தால் கொரோனா வகை வைரஸைச் சந்தேகிக்கலாம். இது ஒண்டிக்கட்டை. தீனி என்ன என்று கேட்டேன். பூனைத் தீனிதான் என்றான் பையன். பாட்டி வாய் திறக்கவில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் தப்பு. நாய்க்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "ராத்திரி ஒன்றும் கொடுக்காதே" என்றுவிட்டது. காலையில் துணி மாதிரித் துவண்டு கிடந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஈறில் தேனைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் தலை தூக்கியது. இதை நான் பட்டினியே போட்டிருக்கக் கூடாது.

அன்றைக்குத்தான் பாட்டி ஒத்துக்கொண்டார்: தினமும் ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), பால். சுத்த மாமிசப் பிராணிக்கு இரண்டுமே ஆகாது. நிறுத்தியதும் மலம் பழுப்பாகிக் கெட்டிப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை நான்கு நாள்தான். மலம் பென்சில் கனத்துக்கு மெலிந்தது, பிறகு நின்றே போனது. பல்லை நறநறவென்று கடித்தது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. குமட்டல். வயிற்றை அழுத்தினால் ஓரிடத்தில் கல் மாதிரி தட்டுப்பட்டது. இளம் ஃபெரட்டுக்கு ரப்பர் என்றால் உயிர் என்று எங்கோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "வீட்டில் ரப்பர் சாமான் ஏதும் உண்டா?" என்று கேட்டேன். ரப்பர் தோட்டம் நிறைந்த எங்கள் விளவங்கோடு தாலுகாவில் கேட்கிற கேள்வியா இது! புறவாசலில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) சாக்கு, ரப்பர் ஷீட், பழைய செருப்பு எல்லாம் கிடந்திருக்கிறது. என்ன தின்கிறது என்று கேட்ட நான், எதைக் கடிக்கிறது என்று கேட்கவே இல்லை.

திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நானே கூட்டிப்போனேன். அறுவை சிகிச்சையில் புளியங்கொட்டை அளவில் ஒட்டுப்பால் துண்டு ஒன்று வந்தது. மறுநாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனதும் மறுபடி வயிறு கலங்கியது, எனக்கு. மேலே இரைப்பையிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிந்தால் அப்படித்தான் வரும். மருந்தில் நின்றுவிட்டது.

தையல் பிரிக்க வந்த அன்று பாட்டி அதன் தலையில் லேசாகத் தட்டினார். "விக்க வெச்ச சாதனத்தைல்லா தின்னிருக்கு, கீரி!"