பறக்கும் ரயிலில் ஒரு ஜன்னலோரம்

பி.பி. கொஞ்சம் தூக்கலா இருக்கு, மாத்திரை இப்போதைக்கு வேணாம், உப்பைக் குறைங்க, தினமும் அரைமணி நேரம் எங்கேயாவது அமைதியா உட்காருங்க என்றார் டாக்டர். உப்பைக் குறைத்தாயிற்று. வீட்டில் மற்றவர்கள் சாப்பாட்டு மேஜை மேலேயே உப்பு ஜாடியை வைத்துக்கொண்டார்கள், ஆகவே என் தட்டில் மட்டும் குறைந்தது. அந்த அரைமணி நேர அமைதிதான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

சென்னை மந்தைவெளியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், ஐந்து பேர். ஓர் அறையில் மகன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு "ஆம் ஐ ஆடிபிள்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். தெருமுனை வரைக்கும் ஆடிபிள்தான். இன்னொரு அறையில் மகள் வாய்விட்டுப் படிப்பாள். ஹாலில் அத்தை, அதாவது என் மாமியார், அவருடைய சீரியல்கள். பூஜை அறை என்று நாங்கள் சொல்வது ஓர் அலமாரி. அதன் முன்னால் பாயைப் போட்டுக் கண்ணை மூடினேன். "ஏம்மா, தலை சுத்துதா?" என்று இவர் ஓடி வந்தார். "ஒண்ணுமில்லடா, தூங்குறா" என்று அத்தை ஹாலிலிருந்தே தீர்ப்பு சொல்லிவிட்டார். பாத்ரூமில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், "டேங்க்ல தண்ணி இல்ல, உள்ளே யாரு?" என்று கதவு தட்டப்படும்.

சரி, மொட்டை மாடி. சாயங்காலம் கடல் காற்று வரும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆள் தெரியாமல் உட்கார ஒரு திட்டு உண்டு. போய் உட்கார்ந்த சுருக்கில் அசோசியேஷன் செக்ரட்டரி வந்துவிட்டார். "நல்லவேளை மேடம், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தவர், சம்ப் கிளீனிங் கணக்கு, லிஃப்ட் ஏ.எம்.சி., கீழ் வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் போனார். அடுத்து வடாம் எடுக்க வந்த மூணாவது மாடி மாமி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தனியா ஏன் உட்கார்ந்திருக்கே? ஆத்துல ஏதாவது சண்டையா?" இல்லை மாமி, சும்மாதான் என்றேன். அதுதான் வினை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிசு என்று மாமிக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் படியிறங்கி வருவதற்குள் இன்டர்காமில் தகவல் போய்ச் சேர்ந்து, அத்தை என் கணவரைக் கூண்டில் ஏற்றியிருந்தார். அவர் என்ன செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை, பாவம். இருந்தாலும் ஒரு சாரி கேட்டுவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன், எதற்காவது ஆகும்.

வெளியிலும் தேடாமல் இல்லை. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் கண்ட காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயர் அதற்கு. தலைவலித் தைலக்காரர் பெயரிலேயே பூங்கா இருக்கிறதே, நமக்குத் தோதுதான் என்று போனேன். ஒரு பெஞ்சில் அரசியல், அடுத்த பெஞ்சில் முழங்கால் ஆபரேஷன், மூன்றாவதில் அமெரிக்காவில் இருக்கும் பையனுக்குப் பெண் பார்க்கும் படலம். திரும்பி வந்து அமிர்தாஞ்சன் தடவிக்கொண்டேன். கபாலி கோயிலில் பிராகாரம் ஒரு சுற்று சுற்றினால் போதும், சொந்தக்காரர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். "என்ன இளைச்சிட்டே?" என்று ஒரு சித்தி, "நல்லா பூசினாப்ல இருக்கே" என்று அவர் கூடவே வந்த இன்னொரு சித்தி. அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நடு மரம் 1989 புயலில் சாய்ந்தும் விழுதுகளை ஊன்றிக்கொண்டு அது பாட்டுக்கு நிற்கிறது. ஆனால் உள்ளே விடுகிற நேரமும் என் வீட்டுச் சமையல் நேரமும் ஒன்றாக இருந்தால் நான் என்ன செய்ய?

இப்படியிருக்கும்போதுதான் மகளுடைய சர்டிஃபிகேட் விஷயமாகத் தரமணி வரைக்கும் போக வேண்டி வந்தது. ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலுக்கு நடந்தேன். காலை பதினோரு மணி. ஆபீஸ் கூட்டம் ஓய்ந்துவிட்டது. லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினால் ஏழெட்டுப் பேர்தான், அதிலும் இரண்டு பேர் தூங்குகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி நான் இந்த ஏரியாவுக்கு வந்த புதிதில் இந்த ரயில் மயிலாப்பூரோடு நின்றுகொண்டிருந்தது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 97-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று நம் வீட்டுக் கட்டட வேலை மாதிரி அவகாசமாக வளர்ந்த ரயில். ஒவ்வொரு ஸ்டேஷனும் கல்யாண மண்டபத்துக்குக் கல்யாண மண்டபம் சேர்த்துக் கட்டிய அளவுக்கு இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாள் மண்டபம். தூண்களுக்கு நடுவில் காற்று வீசும் பாருங்கள், முந்தானையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதாது.

கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் வண்டி அடையாற்றின் மேல் ஏறும். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் பாலம். அப்புறம் கோட்டூர்புரம். இப்படி எழுதிவிட்டு பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மூக்குள்ளவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தண்டவாளம் பாதி தூரத்துக்கு அதன் கூடவேதான் போகிறது. வாசனை வரும் இடங்கள் இப்போது எனக்கு மனப்பாடம். பிராணாயாமத்தில் மூச்சை அடக்கும் பகுதியை அங்கே வைத்துக்கொள்வேன்.

வண்டியில் சத்தம் இல்லையா என்றால், ஏகப்பட்ட சத்தம். தடக் தடக், பிரேக் கிறீச், அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு மூன்று மொழியில். எதுவுமே என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் விசேஷம். வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும், குக்கர் விசிலோ காலிங் பெல்லோ, கடைசியில் அது எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து முடியும். அன்றைக்கு நடுவழியில் போன் வந்தது. "எங்கேம்மா இருக்கே? என் நீலச் சட்டை எங்கே?" ரயில்ல இருக்கேங்க என்றேன். "ஓ, சரி சரி, பத்திரமா போயிட்டு வா" என்று வைத்துவிட்டார். எனக்கே புல்லரித்தது. மாடியில் இருக்கிறேன் என்றால் கீழே வா என்பார். கோயிலில் இருக்கிறேன் என்றால் வரும்போது கொத்தமல்லி என்பார். ரயிலில் இருப்பவளை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது!

அதன் பிறகு வேலை இல்லாமலே போக ஆரம்பித்தேன். மந்தைவெளியில் ஏறித் திருவான்மியூர், 5 ரூபாய் டிக்கெட். அங்கே பிளாட்ஃபாரத்தில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, இன்னொரு 5 ரூபாயில் வீடு. ஒரு காபியை விடக் குறைச்சல். எதிர் சீட்டில் ஓர் அக்கா மடியில் ஈரத்துணியை விரித்துப் பூக் கட்டிக்கொண்டு வருவார். கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும், விரல் மட்டும் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நடுவில் நாரை ஒரு சுண்டு. ஊக்கு, ஹேர்பின் விற்பவர் ஒருவர் கம்பியில் தட்டிக்கொண்டே வருவார். எங்கள் வீட்டில் இப்போது ஊக்குக்குப் பஞ்சமே இல்லை. கண்ணாடி போட்ட இன்னொரு அம்மா கையில் பை கிடையாது, புத்தகம் கிடையாது, எங்கேயும் இறங்குகிற அவசரமும் கிடையாது. பார்த்ததும் புரிந்துகொண்டேன், நம்ம கேஸ். இன்று வரை நாங்கள் பேசியதில்லை. பேசினால் சீட்டு மாறி உட்கார வேண்டி வரும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

எத்தனை நாளைக்குத் தாங்கும்? துணி துவைக்கப் போடும்போது மகள் என் கைப்பையைத் துழாவி, டிக்கெட்டுகளை ஹாலில் கடை பரப்பிவிட்டாள். "தினமும் திருவான்மியூர்ல என்ன?" என்று இவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "இதுகூடத் தெரியலையா? மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போறா. டாக்டர் பி.பி.ன்னு சொன்னாரில்ல? அகஸ்தியருக்கே வைத்தியம் சொல்லிக்கொடுத்த சாமி. சொல்லிக்காம போயிட்டு வர்றா பாரு, பக்தின்னா அப்படித்தான்." எனக்கு மறுத்துப் பேச மனசு வரவில்லை. இவ்வளவு நல்ல காரணம் எனக்கே தோன்றியிருக்காது. அடுத்த வார்த்தையில்தான் வயிற்றைக் கலக்கியது. "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். பட்டுப்புடவை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், விசிறி, மாத்திரை டப்பா. ஸ்டேஷன் படி ஏறும்போதே மூன்று இடத்தில் நின்று, "இந்தப் படியை ஏறினாலே பாதிப் புண்ணியம்" என்றார். என் அமைதி அன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோர சீட்டைக் கொடுத்தேன். கிரீன்வேஸ் ரோடு வரை பேசினார். ஆறு வந்ததும் நின்றது பேச்சு. காற்றில் நெற்றி முடி பறக்கிறது, ஒதுக்கக்கூட இல்லை. ஊக்குக்காரர் வந்து போனார், பேரம் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "அத்தை, தண்ணி வேணுமா?"

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உட்காரேன். இப்பதான் வீட்டுல ஒரு ஆளும் இல்லாம நிம்மதியா இருக்கு."

போனேன். எதிர் வரிசையிலிருந்த கண்ணாடி அம்மா முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திருவான்மியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, நிஜமாகவே மருந்தீஸ்வரரைத் தரிசனம் செய்தோம். அத்தை வெகு சுருக்கமாகக் கும்பிட்டார். "வா வா, பன்னிரண்டு மணி வண்டியை விட்டுடப் போறோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பும்போது இந்திரா நகரில் அவர் போன் அடித்தது. இவர்தான். சாம்பார் எங்கே இருக்கிறது என்பதாக இருக்கும். அத்தை திரையைப் பார்த்தார், கட் பண்ணினார், ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை மூடினார்.

உடனே என் போன் அடித்தது.

"எடுக்காதே" என்றார் அத்தை. "இங்கே சிக்னல் கிடைக்காதுன்னு வீட்டுல போய்ச் சொல்லிக்கலாம். அப்புறம் ஒண்ணு, வெள்ளிக்கிழமை எனக்கு. நீ வேணா திங்கள், புதன் வெச்சுக்கோ."